பெரியண்ணா கொடுத்த பூச்சி மாத்திரை

மைசூரில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியண்ணா சின்னண்ணாவை அறைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. வலிப்பு வந்து விழுந்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டு தள்ளாடி வந்தவனை, நிற்கவைத்து அறைந்தார். டாக்டர் கன்னடத்தில் விளக்கிய அத்தனையிலும் அவர் காதில் ஏறியது பன்றி என்ற ஒரே வார்த்தை. பன்றிக் கறியால் வரும் நாடாப்புழுவின் முட்டை சின்னண்ணா வயிற்றுக்குள் போய், அதன் குஞ்சுகள் மூளையில் குடியேறியிருந்தன.

"யாரோட சேர்ந்து தின்னே? சொல்லுடா," என்று மறுபடி கை ஓங்கினார். சின்னண்ணா முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட்டதில்லை. டாக்டர் நடுவில் புகுந்து கையைப் பிடித்தார். இதற்குக் கறி சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை, அந்தப் புழு வயிற்றில் இருக்கும் யாரோ சரியாகக் கை கழுவாமல் தொட்ட சோறு போதும் என்றார். பெரியண்ணாவா கேட்பார்? அப்பா அம்மா போனபிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவர் அவர்தான். காப்பிக்கொட்டை வியாபாரம். மேலுகோட்டை வைஷ்ணவக் குடும்பம் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் அதிகம். வேறு கை பட்டால் மடி ஆசாரம் கெடும் என்று வீட்டில் தளிகை, அதாவது சமையலும், பரிமாறலும் அவரே செய்வார்.

வார்டில் சேர்த்து, மூளை வீக்கத்தை அடக்கும் மருந்தை முதலில் கொடுத்து, அதன்பிறகுதான் புழு மாத்திரை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். செத்த புழுவைச் சுற்றி மூளை வீங்குமாம். சொந்தக்காரர்கள் வந்து என்ன வியாதி என்று கேட்டால் மானம் போகும் என்று பெரியண்ணா கையெழுத்துப் போட்டு அவனை வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். தெருமுனை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினார். "குழந்தைகளுக்கே குடுக்கற பூச்சி மாத்திரை. இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். சின்னண்ணா வேண்டாம் என்று தலையைத் திருப்பினான். தாடையைப் பிடித்துத் திறந்து உள்ளே தள்ளினார். இப்படியே சில நாள் நடந்தது.

ஒரு காலை சமையலறை வாசலில் சின்னண்ணா வெட்டுண்ட மரமாக விழுந்தான். தலை தரையில் மடேர் மடேரென்று மோதியது. பெரியண்ணா அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, கரண்டிக் காம்பை வாய்க்குள் திணித்து நெம்பினார். முன்பல் உடைந்து ரத்தம் பீறிட்டது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. நான் அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவர் மண்டையில் ஓங்கிப் போட்டேன். அவர் சரிந்தார். சின்னண்ணாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெரியவரை அடித்ததற்கு இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

இந்தமுறை எல்லாம் முறைப்படி நடந்தது. புழு மாத்திரையை நிறுத்திவிட்டு வலிப்பையும் வீக்கத்தையும் முதலில் அடக்கினார்கள். அவன் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டபோது எனக்கு உயிர் வந்தது. வீட்டில் இருப்பவர்களின் மலத்தையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் பிடிவாதமாகச் சொன்னார். என் சோதனையில் ஒன்றுமில்லை. தலையில் கட்டோடு நின்ற பெரியண்ணா வயிற்றில்தான் நாடாப்புழு இருந்தது. பன்றிக் கறி தின்னாதவர் வயிற்றில் அது வளராது என்று டாக்டர் எங்கள் எதிரிலேயே சொன்னார்.

சின்னண்ணா வீங்கிய உதட்டை மெல்ல அசைத்தான். "குடகுலயா அண்ணா?"

அவர் காப்பிக்கொட்டை வாங்கப் போகும் ஊர் அது, பன்றிக் கறிக்குப் பேர்போனது. பெரியண்ணா ஆமாம் என்று தலையாட்டினார்.

"என்னையும் கூட்டிண்டு போயிருக்கலாமே," என்றான்.

பெரியண்ணா வியாதிக்கு ஒரே வேளை மாத்திரைதான், அதோடு தீர்ந்தது. சின்னண்ணா இன்றும் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான். குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதில்லை. அவன் வெளியே வரும்வரை பெரியண்ணா குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.