தொடாதே அக்கா

அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, இன்சூரன்ஸ் பாலிசிக் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படிப்பார். எதிரே உட்கார்ந்திருக்கிற டிரைவர் படித்தவனா, படிக்காதவனா என்று பார்ப்பதில்லை. பட்டம் வாங்கிய ஒருவன் ஒருநாள், "குடுங்கக்கா, நானே படிச்சுக்கறேன்" என்று கையை நீட்டினான். "கம்பெனி ரூல்ப்பா. நான்தான் படிக்கணும். நீ காதை மட்டும் குடு" என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஒரு ரூல் கிடையாது. அன்றைக்கு அவனுக்குப் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேருக்கு எழுத்து தெரியாது. நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். யாராவது பெரிய காகிதத்தை நீட்டினால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லித் தப்பித்தவன். எல்லாருக்கும் படித்துவிட்டால் யாருக்கும் கூச்சமில்லை. இதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

லாரி நிறுத்தத்தில் எனக்குத் தார்ப்பாய் தைக்கிற கொட்டகை. அதன் ஓரத்தில் அவருக்கு ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும். ஒரே ஒரு லாரியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, தானே ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்குச் சரக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். முன்பு புக்கிங் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். "பன்னெண்டு வருஷம் பில்லுல 'சேதத்துக்கு லாரிக்காரரே பொறுப்பு'ன்னு சீல் குத்தினேண்ணே. ஒருநாள் குத்தும்போது கை வரல. எழுந்து வந்துட்டேன்" என்பார். சொந்தக் கதை என்று அவரிடம் கேட்டால் கிடைப்பது அவ்வளவுதான்.

ஆள் ஒல்லி, குரல் மட்டும் லாரி ஹாரன். "வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கேக்கா, இது வேற எதுக்கு?" என்று கேட்காத டிரைவர் இல்லை. கேட்டவனை அவர் விட்டதும் இல்லை. "அது வண்டிக்கு. நீ ஏத்திட்டுப் போறது யார் வீட்டுச் சொத்து? அது நனைஞ்சா உன் வண்டி இன்சூரன்ஸ் வந்து தலை துவட்டி விடுமா?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்டவனும் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்காருவான்.

வழியில் சரக்குக்கு ஏதாவது ஆகிவிட்டால் டிரைவர் செய்ய வேண்டியது மூன்றே மூன்று. "தொடாதே. படம் எடு. எனக்குப் போன் போடு." சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற சர்வேயர் வந்து பார்க்கிறவரை சேதமானது அப்படியே கிடக்க வேண்டும், கண்ணில் படாத சேதத்துக்குக் கம்பெனி காசு தராது. இதைச் சொல்லிச் சொல்லியே அவர் பெயர் 'தொடாதே அக்கா' ஆகிவிட்டது. அவருடைய ஸ்கூட்டர் உள்ளே நுழைந்ததும் டிரைவர்கள் இரண்டு கைகளையும் மேலே தூக்குவார்கள். "தொடலக்கா, சத்தியமாத் தொடல!" அவரும் சளைக்காமல், "தெரியுதுடா. சோப்பைத் தொட்டே நாலு நாள் ஆயிருக்கும் போல" என்பார்.

இவ்வளவு சொல்லியும் ஒருவன் தொட்டுவிட்டான்.

அவனை நாங்கள் துடைப்பம் என்று கூப்பிடுவோம். அவன் லாரியின் தளத்தில் வெள்ளை வேட்டியோடு படுத்துப் புரளலாம், அத்தனை சுத்தம். போன மழைக்காலத்தில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்கள் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியில் மரக்கிளை உரசித் தார்ப்பாய் கிழிந்து, அறுபது கட்டுகள் ஊறிப் போயின. சரக்குக்காரரின் கோடவுனில் நல்ல கட்டுகளை மட்டும் இறக்கிக்கொண்டார்கள். நனைந்த அறுபதுக்கும் பணம் வரும்வரை வண்டி இங்கேயே நிற்கட்டும், வராவிட்டால் விற்று எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிச் சரக்குக்காரர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வண்டி கைவிட்டுப் போகிற நேரத்திலும், காகிதக் கூழோடு அது நிற்பதை நாலு பேர் பார்க்கிறார்களே என்பதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. கட்டுகளைக் கோடவுன் பின்சுவர் ஓரமாக வீசிவிட்டு, குழாய் பிடித்துத் தளத்தைக் கழுவித் துடைத்திருக்கிறான். மறுநாள் காலையில் கிழிந்த தார்ப்பாயை ஆட்டோவில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தான். அக்காவைப் பார்த்த பிறகுதான் நடந்ததைச் சொன்னான்.

"நனைஞ்சதெல்லாம் எங்கடா?"

"அதெல்லாம் இல்லக்கா. சுத்தமாக் கழுவிட்டேன். ஒரு துளி அழுக்கு கிடையாது."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அடப்பாவி, உன் வண்டியவே கழுவிச் சாக்கடையில விட்டிருக்கியேடா! படமாவது எடுத்தியா?"

"அந்த அலங்கோலத்த எப்படிக்கா படம் எடுக்கிறது?"

நான் அதற்குள் தார்ப்பாயை விரித்து ஊசியில் நூலும் கோத்திருந்தேன். கிழிசல் ஓரத்தில் மரப்பட்டைத் தூளும் இரண்டு இலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். "அண்ணே, தொடாதீங்க!" என்று ஒரு சத்தம். சாமி முன்னால் நிற்பவன் போலக் கையைக் கட்டிக்கொண்டேன்.

தார்ப்பாயைச் சுமந்துகொண்டு நானும் அவர்களோடு கோடவுனுக்குப் போனேன். பின்சுவர் ஓரத்தில் ஒன்றுமில்லை. பழைய பேப்பர்க் கடைக்காரர் காலையிலேயே அள்ளிப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். கடைக்கு ஓடினோம். மாடி முழுக்க நோட்டுகள் வெயிலில் விரித்துக் கிடந்தன. எந்தச் சரக்கு என்று காட்டுவதற்காகக் கட்டின் மேல் ஒட்டியிருந்த எண் சீட்டுகள் பலவற்றில் அப்படியே இருந்தன. அக்கா கடைக்காரரைப் பார்த்து, "இதுல ஒரு தாளைக்கூட நகர்த்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார்.

சர்வேயர் வருவதற்குள் துடைப்பம் அக்காவின் காதருகே குனிந்தான். "கோடவுன் ஆளுங்கதான் தூக்கிப் போட்டாங்கன்னு சொல்லிடலாமாக்கா?"

"அப்புறம் நான் உனக்குப் படிச்சுக் காட்டின பேப்பருக்கு என்ன மரியாதை? கழுவினேன்னு சொல்லு. ஏன் கழுவினேன்னும் சொல்லு."

சர்வேயர் சிரிக்காத மனிதர். கோடவுனில் வண்டியைப் பார்த்துவிட்டு நேரே மாடிக்கு ஏறி வந்தார். துடைப்பம் கண்ணில் நீரோடு, "நான்தான் சார் கழுவினேன். வண்டி அழுக்கா நின்னா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும் சார்" என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பார்த்தேன். என் வீடே அவ்வளவு சுத்தமா இருக்காது" என்றார். பிறகு தார்ப்பாயின் கிழிசலையும் இலையையும் படம் எடுத்துக்கொண்டு, வெயிலில் குந்தி ஒவ்வொரு சீட்டாக எண்ணினார். ஐம்பத்து மூன்று.

"அறுபதுன்னு எழுதியிருக்கீங்க. மிச்சம் ஏழு?"

"அந்த ஏழுக்குக் காட்ட எங்ககிட்ட ஒண்ணும் இல்ல சார். இல்லாததுக்கு நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றார் அக்கா.

சர்வேயர் பேனாவை மூடியவர், மறுபடி திறந்து இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதினார். என்ன எழுதினாரோ தெரியாது. கூடப் பிறந்தவள் மேடையில் பரிசு வாங்குவதைப் பார்க்கிறவன் போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஐம்பத்து மூன்றுக்கும் பணம் வர மூன்று வாரம் ஆயிற்று. மிச்ச ஏழுக்குச் சரக்குக்காரருக்கு இரண்டு நடை கூலி வாங்காமல் ஓட்டித் தருவதாகத் துடைப்பம் ஒத்துக்கொண்டான். சாவி அவன் கைக்கு வந்தது.

போன வாரம் அக்கா மேசையை மடக்கிவிட்டார். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு நிறுத்தம் திறந்திருக்கிறார்கள். அங்கே எண்பது வண்டிகள் இருந்தும் ஒன்பதுக்குத்தான் சரக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதாம். ஸ்கூட்டரைக் கிளப்பி ஹெல்மெட்டும் மாட்டியாயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. "துடைப்பத்துக்கு நீ செஞ்சது பெரிய தர்மம்மா. ஆண்டவன் உன்னை நல்லா வச்சிருப்பான்" என்றேன்.

இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்காக ஆண்டவன்கிட்ட கேளுங்கண்ணே, வேண்டாங்கல. ஆனா தர்மம்னு மட்டும் சொல்லாதீங்க. அவன் காசு கட்டி வாங்கினான், வாங்கினது அவனுக்கு வந்துச்சு. பிச்சை எடுத்தவன் மாதிரி உங்க முன்னால வந்து கூனிக்கிட்டு நின்னான்னா, நிமிர்ந்து நில்லுடான்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."