தகட்டில் பத்து, கணக்கில் நாற்பத்துமூன்று

கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தோடு மாரடிக்கிற தொழில் எங்களுடையது. கள்ளன் என்ற பெயர் கூலிக்கு முன்னமே வந்து சேரும். இந்த வேலை பார்த்துப் பேச்சு வாங்கிய அன்பர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பத்து எப்படிப் பெருகியது?

ஐம்பதுகளின் கடைசியில் முள்ளியவளைப் பக்கம் ஓர் அம்மன் கோயில் பொங்கலுக்கு லைற் எஞ்சின், அதாவது விளக்குகளுக்கு மின்சாரம் தரும் இயந்திரம், பூட்டப் போனேன். எஞ்சின் தகட்டில் பத்து கே.வி.ஏ., இருநூற்றுமுப்பது வோல்ற் என்றிருந்தது. ஒரு கே.வி.ஏ. என்றால் ஆயிரம் வோல்ற்-ஆம்பியர்; அந்தப் பத்தாயிரத்தை இருநூற்றுமுப்பதால் பிரித்தேன். முழுச் சுமையில் நாற்பத்துமூன்று ஆம்பியருக்கு மேல் ஓடும், கோயிலின் பழைய வயர் பதினைந்துக்கு மேல் தாங்காது, மொத்தமான, தடித்த வயர் வேண்டும் என்றேன். மேலே தென்னோலை பின்னிய கிடுகுப் பந்தல். வயர் சூடேறினால் சனத்தோடு எரியும். கோயில் மணியகாரர் கந்தையர் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"தகட்டில பத்து எண்டு கிடக்கு. நீர் தொட்டவுடன நாப்பத்துமூண்டாப் போச்சு. இடையில என்ன நடந்தது தம்பி?"

கடைக்காரர் சாட்சி

எனக்கும் வயர்க் கடைக்கும் கூட்டு என்று அவருக்கு ஐயம். என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய், கடைக்காரர் காசிம் நானாவை விசாரித்திருக்கிறார். மொத்த வயர்தான் வேண்டும் என்று அவரும் சொல்ல, கூட்டு உறுதியாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்பினார். நானா பிறகு என்னிடம் அலுத்துக்கொண்டார்.

"மெல்லிசு போதும் எண்டிருந்தா, நான் பழசைத் தள்ளிவிடப் பாக்கிறன் எண்டிருப்பார். அந்த மனிசன் வயர் பாக்க வரேல்ல, என்ட முழியைப் பாக்க வந்தவர்."

அம்மாளின் பியூஸ்

வேறு வழியில்லாமல் பழைய வயரையே இழுத்து, அதற்கேற்ற மெல்லிய பியூஸ் போட்டேன். சுமை கூடினால் பியூஸ் முதலில் உருகி வயரைக் காப்பாற்றும். பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தார்கள். பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. தன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடவைத்துக் கூலி கூட்ட இவன் செய்கிற தந்திரம் என்று கந்தையர் முடிவு கட்டிவிட்டார்.

நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் விளக்கெல்லாம் எரிகிறது, ரப்பர் தீய்கிற மணம் வருகிறது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன். பியூஸ் இருந்த இடத்தில் காவடிக்காரர் முதுகில் குத்துகிற செடில் முள் இரண்டு. பந்தலுக்குள் கந்தையரின் மகளும் மற்றப் பெண்களும் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. முள்ளைச் செருகிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார் கந்தையர்.

"உம்மட கம்பியை நான் நம்பேல்ல. இது அம்மாளின்ர பொருள், உருகாது."

சுட்ட கை

"வயரில கை வையுங்கோ ஐயா" என்றேன். வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மேலே ஒரு கிடுகு கருகத் தொடங்கியிருந்தது, அதற்கு நேர்கீழே மகள். கந்தையர் மறுநாள் முதல் பஸ்ஸில் போய் மொத்த வயரோடு வந்தார். பொங்கல் குறையில்லாமல் நடந்தது. அவர் மட்டும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்திருந்தார். நான் புறப்படும்போது கிட்ட வந்தார்.

"வயர் சுட்டது உண்மைதான். ஆனா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தானே தொடச் சொன்னனீர். அதுக்குள்ள என்ன செய்தனீரோ, அம்மாளுக்குத்தான் வெளிச்சம்."

ஆக, அந்தப் பொங்கலில் கிடுகும் தப்பியது, சனமும் தப்பியது, என் பெயர் ஒன்றுதான் தப்பவில்லை.