முள்செடிக்கு முளைத்த முடி

2003இல் மங்கலம் சாலையில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே பனியன் துணி பின்னும் ஆறு நிட்டிங் மெஷின்கள் ஓடின. மெஷின்களும் வீடும் ஒரே அம்மாளுக்குச் சொந்தம்.

என் மனைவி ஒரு கள்ளிச்செடி வாங்கி மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். தேங்காய் மூடி அளவில் உருண்டை, உடம்பெல்லாம் முள். கோடையில் உச்சியைச் சுற்றி வளையமாக ரோஸ் பூ வரும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

துணி உலர்த்த வந்த வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, முள்ளுச் செடி ஊட்டுல இருந்தா சண்டை வருமுங்க. இந்த மாசத்துக்குள்ள எடுத்துப் போடுங்க."

"எடுத்தர்றோமுங்க" என்றேன். அவர் இறங்கியதும் எனக்கும் மனைவிக்கும் சண்டை வந்தது.

"பூக்காம எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க போங்க."

இருவருமே இருந்தோம், நானும் செடியும்.

கீழிருந்து நாள் முழுக்கப் பஞ்சு பறந்து வரும். கொடித்துணியில், என் மூக்குக்கண்ணாடியில் படிந்ததைத் தட்டிவிடலாம். முள்ளில் சிக்கியது அங்கேயே தங்கியது. தண்ணீர் அதிகமானால் அழுகும் என்று பத்து நாளுக்கொரு முறை மண்ணில் மட்டுமே ஊற்றினாள். அதனால் பஞ்சு கழுவிப்போகவும் வழியில்லை.

மாதக் கடைசியில் அம்மாள் ஏறி வந்தார்.

"எடுத்துட்டீங்களா? இதென்னங்க புதுசா, முசக்குட்டியாட்ட வெள்ளையா? நல்லா இருக்குதுங்களே! எனக்கொரு கன்னு குடுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பக்கத்தில் முளைத்திருந்த கன்று ஒன்றை அவள் இடுக்கியால் கிள்ளிக் கொடுத்தாள்.

அம்மாள் வாசல் கழுவும் ஹோஸால் அதையும் கழுவியிருக்கிறார். மூன்றாம் நாள் தொட்டியோடு வந்தார்.

"முடியெல்லாம் கொட்டிப்போச்சுங்க. உள்ள முள்ளு! என்னத்தைங்க குடுத்தீங்க?"

"அது முடி இல்லீங்க. உங்க மெஷின் பஞ்சுங்க" என்றேன். அத்தோடு செடி போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் எங்கள் செடியில் ஒரு கொத்தைப் பிய்த்து, விரலில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆமாங்க, நம்ம நூலுதான். முப்பதாம் நம்பர்."

இன்னொரு கொத்தையும் பிய்த்தார். பஞ்சு விலகிய இடத்தில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. மனைவி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, மொட்டு!"

அம்மாள் குனிந்து எண்ணினார். பதினொன்று.

"எங்குளுது எப்பங்க பூக்கும்?"

"வெயில் வேணும்க்கா. உங்க வாசல் ஒரே நிழலு."

அவர் தன் தொட்டியை எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"இப்ப ரெண்டு முள்ளுச் செடி இருக்குதுங்க. சண்டை கிண்டை போட்டுக்காதீங்க."