நாயை விட்டுவிட்டு வா என்றேன்

இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருக்கிறோம். போன வருடம் ஒரு மத்தியானம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து என் தங்கை வசந்தா வந்து வாசலில் நின்றாள். உதடு கிழிந்திருந்தது. அவள் கணவர் அடிப்பது எனக்கு முன்பே தெரியும்.

ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கயிறு, கயிற்றின் முனையில் அவள் வளர்த்த செவலை நாய் கெம்பி. பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொன்னதால் நாலு மணி நேரம் நடந்தே வந்திருந்தாள்.

"நீ உள்ளே வா. பெருமாள் இருக்கிற ஆத்துல நாய் நுழையப்படாது. அதை எங்கயாவது விட்டுட்டு வா" என்றேன்.

"விட்டா அது வீட்டைத் தேடிண்டு போயிடும், அக்கா. என் மேல இருக்கற கோபத்துல அவர் அதைக் கொன்னுடுவார்."

நான் அசையவில்லை. வாசலிலேயே தண்ணீர் வாங்கிப் பாதியைக் குடித்தாள், மீதியை நாய்க்கு ஊற்றினாள், வந்த வழியே திரும்பி நடந்தாள். நான் அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. கெம்பியை அடிக்க ஓங்கிய கட்டையைத் தடுக்கப்போய் வசந்தாவுக்கு இடது கை முறிந்திருந்தது. அவளையும் கெம்பியையும் ஆட்டோவில் கூட்டிவந்தேன்.

அந்தக் கையை அவளால் இன்னும் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தினமும் காலையில் பூஜை முடித்ததும் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். அப்போது கெம்பி வந்து என் பூஜைப் புடவையின் மேல் தலைவைத்துப் படுத்துக்கொள்ளும். நான் புடவையை இழுத்துக்கொள்வதில்லை.