பொழிச்சலூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை, ரேடியோவோடு

பொழிச்சலூரை விட்டுப் புறப்படும்போது மழை சற்று ஓய்ந்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர் ஞாயிறு, பிற்பகல். வாடகை அம்பாசடர் ஒன்றில் நானும் என் அக்கா எஸ்தரும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனோம். அங்கே அக்காவின் மாமியார் தனியாக இருந்தார்.

அக்காவின் கணவர் ஜெயராஜ் அத்தான் ஒரு சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். வங்கக் கடலில் புயல் கிளம்பிய பிறகு அந்தக் கப்பலிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. கம்பெனி அலுவலகத்தில் கேட்டால், தெரிந்தால் தந்தி கொடுப்போம் என்றார்கள். இரவும் பகலும் வீட்டு ரேடியோவின் முன்னாலேயே உட்கார்ந்திருந்த அக்கா, அன்று காலை திடீரென்று, "அத்தை அங்க ஒண்டியா இருக்காங்க சாமு. எது வந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுக்கறோம்" என்றாள். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்: மாலைச் செய்தி தவறிவிடக் கூடாது. ரேடியோ உள்ள கார்தான் வேண்டும்.

அப்போதெல்லாம் வாடகைக் காரில் ரேடியோ அபூர்வம். பல்லாவரம் ஸ்டாண்டில் விசாரித்து ஆறுமுகத்தின் வண்டியைப் பிடித்தேன். ஐம்பது வயதுக்காரர், பேச்சுக்காரர். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பம்மலில் சாலை பாதி தண்ணீர். பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்ததும் வண்டி வேகமெடுத்தது. ரேடியோவில் வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாம்பரம் தாண்டியது. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி, கரைக்கு ஒரு முழம் கீழே சாம்பல் நிறத்தில் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. வீணை நின்றுவிட்டது.

ஆறுமுகம் ரேடியோவை இரண்டு தட்டுத் தட்டினார். பொத்தானைத் திருகினார். ஓரமாக நிறுத்திவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, கம்பியின் நடுவில் இருந்த சிறிய குப்பியைத் திறந்தார். உள்ளேயிருந்த கண்ணாடிக் குழல் கரிந்து கறுத்திருந்தது.

"பியூஸ் பூட்ச்சும்மா. வண்டி நல்லாத்தான் கீது. ரேடியோ மட்டும் பாடாது."

"வேற பியூஸ் இருக்கா?"

"இல்லியேம்மா. தாம்பரம் போனாத்தான்."

செய்திக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வண்டியைத் தாம்பரத்துக்கே திருப்பச் சொன்னாள் அக்கா. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பார்த்த மோட்டார் உதிரிபாகக் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஒரு சைக்கிள் கடைக்காரர், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை உண்டு, ஆள் பின்னாலேயே குடியிருக்கிறார் என்று கையைக் காட்டினார். முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கதவைத் தட்டினேன். மின்சாரம் இல்லை. மெழுகுவத்தியோடு ஒருவர் வந்தார்.

"கார் ரேடியோவா? நம்மகிட்ட வூட்டு ரேடியோதான் சார் வரும்" என்றார். கரிந்த குழலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஒரு தகர டப்பாவைக் கொட்டிக் கிளறினார். திருகாணிகளுக்கு நடுவில் அதே நீளத்தில் இரண்டு குழல்கள் கிடைத்தன. "பாட்டு கேக்கறதுக்கா சார் இந்த மழைல அலையிறீங்க? நாளைக்கு வரக் கூடாதா?"

நான் காசைக் கொடுத்துவிட்டு, இரண்டு குழல்களையும் வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன். 

முதல் குழலைப் போட்டு ஆறுமுகம் பொத்தானைத் திருகினார். உள்ளே ஒரு பொறி. அதுவும் கறுத்துவிட்டது.

"இது இன்னாடா பேஜாரு" என்று அவர் தலையில் கை வைத்தார். "எரிஞ்ச பியூஸு மேல சிகரெட்டு டப்பா ஜிகினா காயிதத்த சுத்தி வுட்டுட்டா ஓடும்மா. நான் செஞ்சிகீறேன்."

"வேணாம்ணா. செட்டே எரிஞ்சுடும்" என்றாள் அக்கா. "கம்பி எங்கேயோ தகரத்துல படுது. அதைப் பாக்காம இன்னொண்ணைப் போட்டா அதுவும் போயிடும். டார்ச் இருக்கா?"

முன் கதவைத் திறந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தாள். அவள் கால்கள் வெளியே மழையில் நனைந்தன. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் விடுப்பில் வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒரு ரேடியோ கழற்றிப் போட்டுக் கிடக்கும். இவள் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளி எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவள் கற்றது.

"இங்கதான். ஓட்டை வழியா வர்ற இடத்துல தோல் தேஞ்சிருக்கு."

ஆறுமுகம் கருப்பு டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். அக்கா அவசரப்படாமல் சுற்றினாள். பிறகு எழுந்து, மிச்சமிருந்த ஒரே குழலைத் தன் முந்தானையில் துடைத்து, குப்பியில் வைத்து மூடினாள். பொத்தானை அவளே திருகினாள்.

கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல். எனக்கு எதையோ வென்றுவிட்டது போல இருந்தது. ஆறுமுகம் சிரித்தே விட்டார். அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டே லேசாகச் சிரித்தாள். அவளை அப்படிப் பார்த்து ஒரு வாரமாகியிருந்தது.

வண்டியை எடுக்கவில்லை. அங்கேயே கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். செய்தி தொடங்கியது. புயல் கரை கடந்த விவரம், சேதம், அமைச்சரின் பயணம். பிறகு, வங்கக் கடலில் காணாமற்போன சரக்குக் கப்பலைத் தேடும் பணி கைவிடப்பட்டது, அதில் இருந்தவர்கள் எவரும் உயிர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று கருதப்படுகிறது. கப்பலின் பெயரை வாசிப்பவர் தெளிவாக, நிதானமாகச் சொன்னார். அடுத்து ஏரிகளின் நீர்மட்டம்.

ஆறுமுகம் ரேடியோவை அணைக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்ணா" என்றாள் அக்கா. "தப்பா படிச்சிருந்தா திரும்பச் சொல்லுவாங்க."

வண்டியின் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பச் சொல்லவில்லை.

"வூட்டுக்குத் திருப்பட்டாம்மா?" என்று ஆறுமுகம் மெல்லக் கேட்டார்.

"இல்ல. அத்தைக்கு இது தெரிஞ்சிருக்காது. நான்தான் போய்ச் சொல்லணும்."

வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர். ரேடியோவில் யாரோ நெற்பயிரின் பூச்சிகளைப் பற்றி உழவர்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். நாங்கள் மூவரும் அதைக் கேட்டுக்கொண்டு போனோம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் படும்போது மட்டும் அவள் உதடு அசைவது தெரியும். ஜெபிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. மாமியாரிடம் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்குள் திரும்பினோம். ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு வயதான பெண் குடையோடு எதிரே வந்தார். கையில் ஒரு துணிப்பை. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அத்தைதான்.

அக்கா இறங்கி ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"இந்த மழைல எங்க அத்தை போறீங்க?"

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன்னைப் பாக்கத்தாம்மா. ரயில் புடிக்கலாம்னு வந்தேன். பக்கத்து வீட்ல டிரான்சிஸ்டர்..." என்று தொடங்கி நிறுத்தினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் எஸ்தர்."

"தெரியும் அத்தை."

அவ்வளவுதான் பேசினார்கள். அத்தையின் கையிலிருந்து குடை நழுவியது. இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நடு வழியில் நனைந்து நின்றார்கள். ஆறுமுகம் வண்டி விளக்கை அணைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்து, பற்றவைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ரயிலில் நான் மட்டும் திரும்பினேன். அக்காவுக்கு மாற்றுத் துணி வேண்டும். பொழிச்சலூர் வீடும் அவசரத்தில் சரியாகப் பூட்டப்படவில்லை. வானம் வெளுத்திருந்தது. முதல் நாள் நாங்கள் மணிக்கணக்கில் திண்டாடிய சாலையை, ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தபோது அது குட்டை குட்டையாய் மின்னும் சாதாரணச் சாலையாக இருந்தது. பயணம் போகிறவன் ஊரைப் பார்க்கிறான் என்பார்கள். நான் அந்தச் சாலையில் பார்த்தது இரண்டு பெண்களை மட்டும்தான்.

பொழிச்சலூரில் தெரு உலர்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. நான் கதவைத் திறக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து, "அக்கா எங்க தம்பி? சார்கிட்டேருந்து ஏதாச்சும் சேதி வந்துதா?" என்று கேட்டார்.

அப்போதுதான் உணர்ந்தேன். செய்தி வாசித்தவர் கப்பலின் பெயரைத்தான் சொன்னார், அத்தானின் பெயரைச் சொல்லவில்லை. ஆறுமுகம் சொல்லவில்லை. அக்காவும் அத்தையும் இரவு முழுவதும் ஒரே பாயில் படுத்து அழுதார்கள். அவர்களும் அதைச் சொல்லவில்லை. இத்தனை தூரம் போய்த் திரும்பிய அந்தச் செய்தியை, வாய் திறந்து சொல்ல வேண்டியவனாக நான் வாசலில் நின்றிருந்தேன்.

"அத்தான் இறந்துட்டார்" என்றேன்.