கையெழுத்தில்லாத டி.சி.

தச்சநல்லூர் காந்திமதிநாதன் சாருக்கு விதிமுறை என்றால் உயிர். கல்யாணப் பந்தியில்கூட வரிசை தப்பி உட்கார மாட்டார். அப்படிப்பட்டவர் சூடானில், கார்த்தூம் நகரத்தில், இந்தியப் பிள்ளைகள் படித்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் கணக்கு வாத்தியார். 2023 ஏப்ரலில் அங்கே சண்டை மூண்டபோது தலைமையாசிரியர் விடுமுறையில் போயிருந்தார். பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

துறைமுகத்துக்குப் பஸ் வருகிறது, ஆளுக்கு ஒரு பை, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள் என்று தகவல் வந்தது. மற்றவர்கள் பாஸ்போர்ட்டைத் தேடினார்கள். சார் பள்ளி முத்திரையைத் தேடினார். டி.சி. இல்லாமல் போனால் ஊரில் சேர்க்க மாட்டார்கள், பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீணாகிவிடும் என்பது அவர் கவலை. நாற்பத்திரண்டு பேருக்கும் எழுத உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க, அங்கன குண்டு விழுது. இங்கன நீங்க அடிக்கோடு போட்டுக்கிட்டு இருக்கியளா?” என்று தலையிலடித்துக்கொண்டாள் மனைவி வேணி.

“பைய பேசு. தப்பு வந்துரும்.”

விலகும் காரணம் என்ற இடத்தில் ‘போர்’ என்று எழுதலாமா என யோசித்தே கால் மணி நேரத்தைப் போக்கினார். கடைசியில் ‘பெற்றோர் இடமாற்றம்’ என்று எழுதினார்.

நாற்பத்திரண்டாவது, சொந்த மகள் மதுமதியுடையது. பெற்றவனே கையெழுத்துப் போடுவது முறையல்லவே! ஊருக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று, நடத்தைக்கும் கையெழுத்துக்குமான இடங்களைக் காலியாக விட்டுவிட்டார். ஊர் வந்து பார்த்தால் அந்த மனிதர் இருக்கும் திசையே தெரியவில்லை.

ஜூனில் மற்ற நாற்பத்தொரு பிள்ளைகளும் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்குப் போகவேண்டிய மதுமதி மட்டும் வீட்டில் இருந்தாள். மூன்று பள்ளிக்கூடங்கள் கையை விரித்துவிட்டன. வேணி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்குக் குழம்பு மட்டும் வந்தது, உப்பில்லாமல்.

நான்காவது, வண்ணார்பேட்டையில். தலைமையாசிரியை மஹ்மூதா பீவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நடத்தைங்கிற எடத்துல ஒண்ணுமே இல்லையே சார். பிள்ளை எப்படி?”

“அதப் பெத்தவன் சொல்லக் கூடாதும்மா.”

“பொறுப்புல இருந்த வாத்தியார் சொல்லலாம்லா?”

சார் மகளைப் பார்த்தார்.

“நான் எழுத எழுத, பக்கத்துல நின்னு எல்லா டி.சி.க்கும் முத்திரை குத்துனது இவதாம்மா. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி விழுந்தப்பவும் நகரல. தன்னோடத மட்டும் நான் வெறுமனே விட்டுட்டேன்னு தெரியும். ஏன்னு ஒரு வார்த்த கேக்கல.”

அதற்குமேல் முடியவில்லை. அறையில் இருந்த அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டார். தன் பிள்ளைக்குத் தானே அநியாயம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மஹ்மூதா பீவி பேனாவை நீட்டினார். “இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

சார் எழுதினார். கையெழுத்தும் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டப்போனவரின் கையை மதுமதி பிடித்துக்கொண்டாள்.

“தேதி போடணும்லாப்பா.”