ஆபரேஷனுக்கு முன் எடுத்த படம்

அடுத்தவர் பயத்தைத் தெளியவைத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்: ஒருவர் வேப்பிலை அடிக்கிற பூசாரி, இன்னொருவர் நான். பெங்களூரில் ஓசூர் ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசித் தைரியம் சொல்லும் கவுன்சிலர் வேலை. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒரு வாழைக்காய் அளவுக்கு ஆக்கிவிடுவார்கள் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் வெளுக்கும். அப்போது பேச்சை மாற்றாமல், பொய்யும் சொல்லாமல், அவரை நாற்காலியிலேயே உட்கார வைக்க வேண்டும்.

நானும் பருமன்தான். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். கல்யாணப் பந்தியில் இரண்டாவது வடைக்குக் கை நீட்டினால் எதிர்வரிசை முழுக்க என்னையே பார்க்கும். இதெல்லாம் பட்டவர்கள் மேலே படியுங்கள். படாத ஒல்லிக்குச்சிகளும் படிக்கலாம், ஆனால் காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கச் சொல்லி எனக்கு எழுத வேண்டாம்.

எல்லோரும் கேட்கும் கேள்வி

சந்தாபுராவிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் இளைஞர் வந்தார். சேலத்துக்காரர். இந்த ஆபரேஷனைப் பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்திருந்தார். எனக்கே அவர் பாடம் எடுத்தார். ஆனால் கைகுலுக்கியபோது அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது. மயக்க மருந்திலிருந்து தையல் வரைக்கும் நான் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க ஏன் மேடம் பண்ணிக்கல?" என்றார்.

எல்லோரும் கேட்பதுதான். முன்பெல்லாம் சர்க்கரை, தைராய்டு என்று ஏதேதோ சொல்லிச் சமாளிப்பேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பயம். அவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப சரி மேடம். பயப்படுறவங்க சொன்னா நம்பலாம்."

வெள்ளைச் சுவர்

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஒரே ஆள் மல்லிகா. ஸ்ரீராம்புரத்துக்காரர், ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். அவர் அழகுக்காக வரவில்லை, மூட்டு வலிக்காகவும் வரவில்லை. அவருடைய தம்பி சேகருக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ். அக்காவின் கிட்னி பொருந்துகிறது. ஆனால் இவ்வளவு எடையோடு கொடுக்க முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நடந்தார், பட்டினி கிடந்தார், போதவில்லை. ஆகவே எங்களிடம் வந்தார். வலிக்குமா, பிழைப்பேனா என்றெல்லாம் கேட்காமல், "எவ்ளோ சீக்கிரம் கொறையும் மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பிரிவில் ஆபரேஷனுக்கு முன் எல்லோரையும் வெள்ளைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். ஊசிக்குக்கூட அசராத மல்லிகாவுக்கு அந்தச் சுவர் முன்னால் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. "எதுக்கு போட்டோ? நான் போய்ட்டா மாலை போடவா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். சேகர் போய்ப் பக்கத்தில் நின்று அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உப்பிய முகம், தொளதொள சட்டை, காது வரைக்கும் சிரிப்பு. "ரெண்டு பேரையும் எடுங்க மேடம். ஆபரேஷன் ரெண்டு பேருக்கும்தானே!"

கட்டுச்சோறு

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும்தான். மோர், சூப், புரோட்டீன் பவுடர். கொழுப்பேறிய ஈரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே கருவி விட இடம் கிடைக்கும். இதை நான் வாய் வலிக்கச் சொல்லியிருந்தேன். பாதி நாள் மல்லிகா ஒழுங்காகத்தான் இருந்தார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும்போது செய்வார்களே, அதேபோல தங்கள் சந்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம், வடை, கூடவே மட்டன் என்று அக்காவை உட்கார வைத்து ஊட்டிவிட்டார். கைக்கு வளையல் வேறு. இரைப்பை போகப்போகிற வயிற்றுக்கு ஒரு வளைகாப்பு! மல்லிகா அழுதுகொண்டே சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் வந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் சேகரைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான்தான் தண்ணிகூட அளந்து குடிக்கிறேன் மேடம். எனக்காக அவளும் பட்டினி கெடந்தா, எங்க வீட்ல அப்புறம் யார்தான் சாப்புடுறது?"

லிஃப்ட்

மறுபடி நாள் குறித்தார்கள். அது சேகரின் டயாலிசிஸ் நாளாக அமைந்துவிட்டது. டயாலிசிஸ் எங்கள் மருத்துவமனையிலேயே கீழ்த்தளத்தில், ஆபரேஷன் தியேட்டர் மேல்மாடியில். நடுமாடி வார்டில் பச்சை அங்கி போட்டு, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த பிறகு மல்லிகாவுக்குத் திடீரென்று அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த பயம் எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் வந்தது அவர் வயிற்றைப் பற்றி இல்லை. "இவன் டயாலிசிஸ்க்குப் போகாம இங்கயே நின்னுட்டு இருப்பான் மேடம். இவன் போனாதான் நான் போவேன்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அக்கா, நீ உள்ள போனதைப் பாத்துட்டுத்தான் நான் போவேன். பேடான்னா பேடா" என்று வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, சேகர் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நான் கற்றுவைத்திருந்த தைரிய வார்த்தைகள் ஒன்றும் செல்லுபடியாகவில்லை. டாக்டர் மேலிருந்து ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். கடைசியில் எங்கள் வார்டு சிஸ்டர் ஷோபா, மண்டியாக்காரர், வந்து இருவரையும் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பேரையும் ஒரே லிஃப்ட்ல ஏத்து மேடம். எறங்குற எடத்துல அவுங்க அவுங்க எறங்கிக்கட்டும்."

குறையாதது

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மாதாமாதம் மல்லிகா இளைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் சேகர்தான் எடை மெஷின் பக்கத்தில் நின்று, கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல எங்களுக்கெல்லாம் கேட்க எடையைச் சொல்வார். கிட்னி டாக்டர் சரி என்று சொன்ன அன்றைக்கு சேகர் வார்டு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அவரும் சாப்பிடவில்லை, அக்காவும் சாப்பிடவில்லை. நான் இரண்டு சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, கிட்னி மாற்றும் தேதிக்காகக் காத்திருந்த சமயத்தில், கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே சேகரின் இதயம் நின்றுவிட்டது. எனக்குச் செய்தி வந்தபோது நான் யாரோ ஒருவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து போனேன். கட்டுச்சோற்றால் தள்ளிப்போன அந்த நாட்களால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் பின்னால் சொன்னார். அதை மல்லிகா என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டால் சொல்வதற்காக டாக்டர் சொன்னதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து அவர் பரிசோதனைக்கு வந்தார். புடவை அவர் மேல் நிற்கவே இல்லை. சந்துப் பெண்கள், சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டே என்று சொல்கிறார்களாம். எடை மெஷினில் தானே ஏறினார், தானே பார்த்துக்கொண்டு இறங்கினார். நான் எடையைக் குறிக்க ஃபைலைத் திறந்தேன். அவரே சொன்னார்: "எல்லாம் கொறஞ்சிருச்சு மேடம். கிட்னிதான் ரெண்டும் எங்கிட்டயே இருக்கு."

சுவரில் மாட்டிய படம்

எங்கள் காத்திருப்பு ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் படங்கள். ஆபரேஷனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று ஜோடி ஜோடியாக. வருகிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று மாட்டியிருக்கிறார்கள். விளம்பரப் பிரிவு அதிகாரி ஒருவர் மல்லிகாவின் படங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வித்தியாசம் வேறு யாருக்கும் இல்லை, இதையும் மாட்ட வேண்டும், முன் படத்தில் பக்கத்தில் நிற்கிற ஆளை மட்டும் வெட்டிவிடலாம் என்றார். சம்மதம் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. முடியாது என்று சொல்லிவிடுவார், நமக்கும் நிம்மதி என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

மல்லிகா அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அதில் அவர் முகத்தில் பயம் அப்படியே இருந்தது. சேகரின் கை அவர் முழங்கையில் இருந்தது. அவருக்குக் கண் கலங்கவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "மாட்டுங்க மேடம். ஆனா அவனை வெட்டாதீங்க. அவன் புடிச்சிட்டு இருந்ததாலதான் நான் அன்னிக்கு நின்னேன்."

வெட்டாமல்தான் மாட்டியிருக்கிறோம், புதிதாக வருகிறவர்கள் அந்த ஜோடிப் படத்தின் முன்னால் நின்று, இந்த அம்மாவுக்கு ஆபரேஷன் பலிச்சுதா என்று கேட்டால், பயம் தெளியவைக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்ற முறையில் முழு வெற்றி என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறேன்.